சிரிப்பு வரும் இடம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும்.

என்னை இந்தப் பயிற்சி முகாமின் ஆயுத அறைக்குப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. காலையில் ஜன்னல் வழியாகத் துப்பாக்கிகளைக் கொடுக்கிறேன், மாலையில் வாங்கித் துடைத்து அடுக்குகிறேன், நடுவில் பழுது பார்க்கிறேன். என் ஜன்னலுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் தலைமைப் பயிற்சியாளரின் வகுப்பு நடக்கிறது. ஆமாம், உன் பெரிய வாத்தியாரேதான். பதினேழு வருடமாக நீ வீட்டில் புகழ்ந்த புகழில் எனக்கு அவரை முன்பே தெரிந்த மாதிரி இருந்தது. அந்தப் பழைய கம்பளித் தொப்பி, அதை யாரும் தொடக்கூடாது என்ற சட்டம், அறுபது பேரை அசையாமல் உட்காரவைக்கும் குரல், எல்லாம் நீ சொன்னபடியே இருக்கிறது. மனிதர் தங்கம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நீ கோபித்துக்கொண்டு பாதியில் கடிதத்தை மடித்துவிடக் கூடாது.

ஆனால் அண்ணா, அவர் சொல்லித் தருவதில் பாதி கட்டுக்கதை.

பெரிய துப்பாக்கியின் குண்டு ஒரு முழம் தள்ளிப் போனாலும் அதன் காற்றிலேயே ஒருவன் கை பிய்ந்துவிடுமாம். எதிரி நம் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டே உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று சொல்லிவிடுவானாம். நான் எண்ணெய் போட்டுக்கொண்டே கேட்டேன், சிரிப்புத்தான் வந்தது. இவற்றால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை.

மூன்றாவதைக் கேட்டபோது எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டேன். பயிற்சிக்குக் கொடுக்கும் வெற்றுத் தோட்டாவை விரலில் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறார். "இதுல ஈயம் கிடையாது, மருந்து மட்டும்தான். என் மாமியார் மாதிரி. சத்தம் பெருசு, ஒண்ணும் பண்ண முடியாது. மூஞ்சிக்கு நேரா சுட்டாலும் ஒரு முடி கருகாது" என்கிறார். கொட்டகையே குலுங்குகிறது.

ஈயம் இல்லாவிட்டால் என்ன, குழாய் முனையிலிருந்து நெருப்பும் எரியாத வெடிமருந்துத் துகளும் பாயும். கை நீட்டும் தூரத்தில் நின்றால் கண் போய்விடும். நான் படித்த ஆயுதப் பள்ளியில் முதல் நாள் முதல் பாடமே அதுதான். வரும் 28ஆம் தேதி இந்த அறுபது பேருக்கும் பயிற்சிச் சண்டை. இரண்டு கட்சியாகப் பிரிந்து வெற்றுத் தோட்டாவோடு ஒருவர்மேல் ஒருவர் பாய்வார்கள். அந்தத் தோட்டாக்களை என் கையால்தான் கொடுக்க வேண்டும்.

அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? நீதான் வழி சொல்ல வேண்டும். இன்னொன்று. நீயும் அங்கே பயிற்சிதானே கொடுக்கிறாய். இந்த வரி உன் பாடத்திலும் இருந்தால் தயவுசெய்து இன்றே எடுத்துவிடு.

உன் தங்கை

*

மார்ச் 9

தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று, எட்டாம் தேதி, கிடைத்தது. பாதியில் மடிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் கோபம் வந்தது.

கால் உடைந்து கிடந்த என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்தவர் அவர். கழுத்தளவு தண்ணீர். கரை வரும்வரை எனக்கு மயக்கம் வந்துவிடக் கூடாது என்று ஏதேதோ கதை சொல்லிக்கொண்டே நடந்தார். அதில் பாதி கட்டுக்கதையாகத்தான் இருந்திருக்கும். அன்றைக்கு நான் அதைச் சரிபார்க்கவில்லை. மூன்று வாரம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டு நீ அவரை எடைபோடுகிறாய்.

சரி, நீ கேட்டதால் சொல்கிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதே. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதே, அவருக்குப் புத்தகம் எழுதுகிறவர்களைக் கண்டால் ஆகாது. சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேள். எந்தத் திருத்தமும் அவருக்கே தோன்றியதாக இருக்க வேண்டும். தான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவர் மீறி நான் பார்த்ததில்லை, அது ஒன்றுதான் உனக்கு நான் தரக்கூடிய வழி. குண்டுக் காற்றுக் கதையைத் தொடாதே. அதைக் கேட்டவன் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொள்வான், நல்லதுதானே.

என்னை அவருக்கு எழுதச் சொல்லிவிடாதே. நீ அடுத்து அதைத்தான் கேட்பாய் என்று தெரியும். என்னால் முடியாது.

என் பாடத்தைப் பற்றிக் கேட்டாய். அவருடைய பாடம்தான் என் பாடம், ஒரு சொல் மாறாமல், மாமியார் உட்பட. இத்தனை வருடத்தில் யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை. நீ சொல்வதில் விஷயம் இருக்கலாம். பார்க்கலாம்.

உன் கடிதத்தை அண்ணியும் படித்தாள். உன் பக்கம்தான் பேசுகிறாள். அந்த மாமியார் வரி அவள் அம்மாவைக் குத்துவதாக அவளுக்கு நெடுநாள் எண்ணம், அதனால் அவள் தீர்ப்பை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அண்ணன்

*

மார்ச் 14

அண்ணனுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். இப்போது கேட்டுக்கொள்.

முதலில் சந்தேகம். அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து டீ எடுத்துக்கொண்டு போனேன். "ஐயா, எனக்கு ஒரு சின்னச் சந்தேகம், வெற்றுத் தோட்டாவை ரொம்பக் கிட்டத்தில் சுட்டால் தூசு கீசு பறந்து கண்ணில் விழுமோ" என்று அசடு மாதிரிக் கேட்டேன். எனக்கே என் குரலைக் கேட்கச் சகிக்கவில்லை. அவர் மனம் விட்டுச் சிரித்தார். நான் பிறப்பதற்கு முன்பே அவர் இதை நூறு தடவை சுட்டவராம். பயப்படாதே என்று என் தலையைத் தட்டி அனுப்பினார். அவருக்கு என்மேல் அன்புதான். வாய்க்கு வந்தபடி திட்டுகிறவராக இருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அன்பாகத் தலையைத் தட்டுகிறவரை என்ன செய்வது?

இரண்டாவது, நீ வேண்டாம் என்று சொல்லியும் என் ஆயுதப் பள்ளிப் புத்தகத்தைக் காட்டினேன். கையில் கொடுக்கவில்லை. அவர் மேசையில் வெற்றுத் தோட்டாவைப் பற்றிய பக்கம் திறந்திருக்கும்படி வைத்துவிட்டு வந்தேன். மாலையில் போய்ப் பார்த்தால் அதன்மேல் டீ டம்ளர் இருந்தது.

மூன்றாவது கையெழுத்து. ஒவ்வொரு வாரமும் தோட்டா வழங்கும் உத்தரவில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வாரம் அதன் அடியில் நானே ஒரு வரி சேர்த்தேன்: "தலைமைப் பயிற்சியாளரின் உத்தரவுப்படி, இருபது அடிக்குள் யாரை நோக்கியும் சுடக்கூடாது." படித்துப் பார்த்தார். இதை நான் எப்போது சொன்னேன் என்று கேட்டார். நீங்கள் எப்போதும் ஒழுங்கைப் பற்றிச் சொல்வதுதானே ஐயா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பெருமையாகக் கையெழுத்துப் போட்டார். அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

மறுநாள் வகுப்பில் அந்த உத்தரவை அவரே வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "இது ஆபீசுக்காக எழுதினது" என்று ஒரு கண்ணைச் சிமிட்டினார். அறுபது பேரும் சிரித்தார்கள். பிறகு மாமியார் வந்தாள், இன்னும் சிரித்தார்கள்.

அவர் காகிதத்தை மீறமாட்டார் என்று எழுதினாயே. மீறவில்லை, கண்ணைத்தான் சிமிட்டினார்.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னும் பதினான்கு நாள். மேலதிகாரியிடம் நான் நேரே போனால் அவர் பெயர் கெடும், ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது. போகாவிட்டால் யாராவது ஒருவன் கண் போகும். உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி போதும். அவர் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் நீதான் அவருக்கு உசத்தி. நீ எழுதினால் கேட்பார். முடியாது என்று எழுதியிருக்கிறாய், மறுபடியும் கேட்கிறேன், வெட்கமில்லாமல் கேட்கிறேன்.

"பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் என் சைக்கிளுக்குப் பிரேக் கட்டித் தரச் சொன்னபோதும் பார்க்கலாம் என்றுதான் சொன்னாய். என் முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

தங்கை

*

மார்ச் 19

தங்கைக்கு,

உன் இரண்டாவது கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்கு முதல் நாளே எல்லாம் முடிந்துவிட்டது.

என் வகுப்பில் ஒருவன் இருக்கிறான். சுருட்டை முடி, அதனால் சுருட்டை என்றே பெயர். சேர்வதற்கு முன்னால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். நல்ல பிள்ளை. பதினேழாம் தேதி மதியம் பயிற்சி முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனோடு ஒட்டித் திரிகிற நெட்டையன் ஒருவன், விளையாட்டுக்குத் துப்பாக்கியை நீட்டி, சுட்டுவிட்டான். இரண்டு பேருக்கும் நடுவில் கை நீளம்கூட இல்லை. வெற்றுத் தோட்டாதான்.

சத்தம் கேட்டு நான் ஓடியபோது நெட்டையன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு நின்றான். "ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றான். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கும் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அது தப்பிவிடும் என்கிறார் டாக்டர்.

இனி எழுதப்போவதை அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. அன்று காலை வகுப்பில் அந்த இடம் வந்தது. உன் முதல் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கையால் தொட்டுக்கூடப் பார்த்தேன். விட்டுவிடலாம் என்று நினைத்து நிறுத்தினேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுகிற நேரம், பாதிப் பேருக்குத் தூக்கம். அந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அவர் மாதிரியே தோட்டாவைத் தூக்கிப் பிடித்தேன், அவர் மாதிரியே சொன்னேன். சிரித்தார்கள்.

அவர்மேல் உள்ள மரியாதைக்காக என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புக்காகச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று விசாரணை. மூன்று அதிகாரிகள். எனக்கு இப்படித்தான் கற்றுக்கொடுக்கப்பட்டது என்றேன், அதைக் குறித்துக்கொண்டார்கள். இது ஆபத்து என்று யாராவது எப்போதாவது உங்களை எச்சரித்தது உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திரும்ப எடுக்கத் தைரியம் வரவில்லை.

எச்சரிக்கை இல்லை என்றால் கண்டிப்போடு போய்விடும். இருந்தது என்று தெரிந்தால் பதவி போகும், இன்னும் என்னென்ன போகுமோ. உன் முதல் கடிதத்தைப் பற்றி நீ யாரிடமும் பேசாதே. என் கடிதத்தை வேண்டுமானால் வாத்தியாரிடம் காட்டு. வேண்டாம், காட்டாதே. எனக்கு எதுவும் தெரியவில்லை. நீயே முடிவு செய்.

அண்ணன்

*

மார்ச் 28, மாலை

அண்ணா,

பயிற்சிச் சண்டை முடிந்தது. அறுபது பேரும் ஜன்னலில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்த்துத்தான் வாங்கினேன். நூற்றிருபது கண்ணும் பத்திரம். உன் பக்கத்தில் ஒன்று குறைந்தது. இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன், அடிக்க மனம் வரவில்லை.

உன் கடிதம் இருபத்து மூன்றாம் தேதி வந்தது. உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அழுதேன், திட்டினேன், ஒரு துப்பாக்கிக் குழாயை ஒரு மணி நேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்மேலும் கோபம்தான். பத்து நாளாக டீ எடுத்துக்கொண்டு போவதும் காகிதத்தில் வரி சேர்ப்பதுமாக நாசூக்குப் பார்த்துக்கொண்டிருந்தேனே, முதல் நாளே கொட்டகைக்குள் நுழைந்து "ஐயா, இது தப்பு" என்று சொல்லியிருந்தால் என்ன, கொன்றா போட்டிருப்பார்?

நீ முடிவை என்னிடம் விட்டாய். நான் வாத்தியாரிடம் போய், கதவைச் சாத்திவிட்டு, உன் கடிதத்தை நெட்டையன் சொன்ன இடம்வரைக்கும் வாசித்துக் காட்டினேன். மிச்சத்தை மடித்துக்கொண்டு, அந்தப் பையனுக்கு ஒரு கண் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "எந்தக் கண்ணு?" என்று கேட்டார். இடது என்றேன். போகச் சொல்லிக் கை காட்டினார். இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள்.

இருபத்தாறாம் தேதி காலை என் ஜன்னலுக்கு வந்தார். ஒரு துப்பாக்கியும் ஒரே ஒரு வெற்றுத் தோட்டாவும் கேட்டார். என்னையும் கொட்டகைக்கு வரச் சொன்னார். வெளியே ஒரு கம்பை நட்டு, தலையிலிருந்த அந்தத் தொப்பியைக் கழற்றி அதில் மாட்டினார். அவர் தலையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், முழு வழுக்கை. ஒரு சாண் தூரத்தில் குழாயை வைத்துச் சுட்டார். தொப்பியில் ஓட்டை விழுந்து ஓரம் புகைந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"முப்பது வருஷமா இதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். நான் நூறு தடவ சுட்டேன்னு சொன்னதும் பொய். ஆகாசத்துலதான் சுட்டிருக்கேன், ஒருத்தர் பக்கத்துல சுட்டதில்ல. என்கிட்டப் படிச்சவன் இதையே சொல்லிக் கொடுத்து, அங்க ஒரு பையனுக்குக் கண்ணு போச்சு" என்றார். பிறகு என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு மூணு தடவ சொல்லிச்சு. மூணு தடவையும் நான் கேக்கல. அதையும் எழுதிக்கோங்க" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தராக வரச் சொல்லி, தொப்பி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். அறுபது பேரும் வரிசையாக வந்து விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நானும்.

கேட்டுக்கொள் அண்ணா. நான் மூன்று தடவை சொன்னேனா என்று அவரிடம் யாரும் விசாரணை வைத்துக் கேட்கவில்லை. அறுபது பிள்ளைகள் முன்னால் தானாகச் சொன்னார். இவரைத்தான் நீ பதினேழு வருடமாகப் பார்த்துப் படித்தாய். எதைப் படித்தாய் என்று யோசி.

என் முதல் கடிதத்துக்கு நீ எழுதிய பதில் என்னிடம் இருக்கிறது. "உன் கடிதம் நேற்று, எட்டாம் தேதி, கிடைத்தது" என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. நான் அதை யாருக்கும் அனுப்பமாட்டேன், உன்னைக் காட்டிக் கொடுக்க என்னால் முடியாது. கிழித்துப் போடவும் முடியாது. நீ என்ன செய்யப்போகிறாய் என்று எழுது. "பார்க்கலாம்" என்று மட்டும் எழுதாதே.

தொப்பியை உனக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்தார். தனியாகப் பார்சலில் வருகிறது. கடிதம் ஏதாவது வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவனுக்குப் புரியும் என்றார்.

தங்கை

*

ஏப்ரல் 6

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் ஒன்றாம் தேதியும் பார்சல் மறுநாளும் வந்தன. தொப்பியைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். பதினேழு வருடத்தில் அதை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. அண்ணி வந்து பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் சீருடைக்கு இஸ்திரி போட எழுந்து போனாள்.

மூன்றாம் தேதி விசாரணை அதிகாரியிடம் போய் உன் கடிதத்தைக் கொடுத்தேன். எட்டாம் தேதியே கிடைத்தது, விசாரணையில் யாரும் எச்சரிக்கவில்லை என்று சொன்னது பொய் என்றேன். அவர் படித்து முடித்து, பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை என்னிடமே தந்தார். வகுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது கிடங்கில் இருக்கிறேன், போர்வைகளும் தண்ணீர்க் குடுவைகளும். பதவி குறையும் என்கிறார்கள், உத்தரவு இன்னும் வரவில்லை. வரட்டும்.

என் இடத்துக்கு வந்திருக்கும் பயிற்சியாளரிடம் தொப்பியைக் கொடுத்து, அந்தப் பாடம் வரும்போது காட்டச் சொல்லியிருக்கிறேன். வாத்தியாருக்கு நான் இன்னும் எழுதவில்லை. எழுதுவேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அதிகாரியிடம் சொன்னதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. நேற்று மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுருட்டையின் மனைவி வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு, பால் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனாள். அவனுக்கு இன்னும் இரண்டு கண்ணிலும் கட்டு இருக்கிறது. குரலை வைத்து என்னைத் தெரிந்துகொண்டு எழுந்து உட்காரப் பார்த்தான். அந்த மரியாதையைப் பார்க்க முடியவில்லை.

உனக்கு ஒன்று வாசிக்க வேண்டும் என்றேன். உன் முதல் கடிதத்தை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன், ஒரு வரி விடவில்லை. கை நீட்டும் தூரத்தில் நின்றால் கண் போய்விடும் என்ற இடத்தில் நிறுத்தாமல் வாசிக்க முடிந்தது, எப்படி என்று தெரியவில்லை. இன்றே எடுத்துவிடு என்று நீ எழுதியதையும் வாசித்தேன்.

முடித்ததும், "இது யார் சார் எழுதினது?" என்று கேட்டான். என் தங்கை என்றேன்.

"உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

நாலாம் தேதி எழுதியது என்று ஆரம்பித்தேன். தபால் தாமதம் என்று ஏதோ சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டு, எட்டாம் தேதி என்றேன்.

போர்வைமேல் விரலை மடக்கி மடக்கி எண்ணினான். எண்ணி முடித்த பிறகும் விரலை விரிக்கவில்லை.

"ஒம்பது நாள்" என்றான்.

ஆமாம் என்றேன். அவன் மனைவி பாலோடு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை, மன்னிப்புக்கூட. எழுந்திருக்கலாமா என்று நினைத்தபோது அவனே மறுபடியும் பேசினான்.

"அன்னைக்கு வகுப்புல எல்லாரையும் விடச் சத்தமா சிரிச்சது நான்தான் சார்" என்றான்.

அண்ணன்